தாத்தாவின் பேஸ் நடை

கண்ணே லெசீபா,

ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் மமெலோடி ஊர் ஜாஸ் சங்கத்தில் உன் புது இசைத்தட்டைப் போட்டார்கள். நீ கம்ப்யூட்டரில் போடும் ஹவுஸ் இசை என்றாலே இதுவரை எனக்கு ஆலை மெஷின் சத்தம்தான். இது அப்படி இல்லை. பேஸ் கிடார் சோம்பலாக நடக்க, பியானோ அதைச் சீண்டிக்கொண்டே வந்தது. தாத்தாவின் சிநேகிதர் மஷேகோ பளபளக்கும் ஷூவோடு எழுந்து தனியாக ஆடினார். "அண்ணி, உங்க பேரனோட கம்ப்யூட்டருக்கு இடுப்பு முளைச்சிருச்சு!" என்று கத்தினார்.

எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த பேஸ் நடை உன் தாத்தாவுடையது. அவர் வாசித்த எந்தத் தட்டிலும் அவர் பெயரை அச்சடிக்கவில்லை. அந்த நடை மிஞ்சியிருப்பது என் பீரோவில் உள்ள ஒரே ஒலிநாடாவில். போனில் கேட்டதற்கு, "நானா போட்டதுதான் பாட்டி" என்றாய். பொய் சொன்னால் நீ சிரிப்பாய். அன்றும் சிரித்தாய்.

பீரோவைத் திறந்து பார்த்தேன். நாடா இருந்தது, அதைச் சுற்றிய துணியில் நான் போட்ட முடிச்சும் கலையவில்லை. ஆனாலும் மூன்று நாள் உன்னைத் திருடன் என்றே நினைத்தேன்.

இன்று காலை சோளக்களி கிண்டும்போது கை அப்படியே நின்றுவிட்டது. அதே நடையை என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது! போன தடவை வந்தபோது, சார்ஜ் ஏறுகிறது என்று சொல்லி போனை அடுப்புப் பக்கத்தில் வைத்தாயே!

அடுத்த முறையும் அங்கேயே வை. இன்னும் இரண்டு நடை என்னிடம் இருக்கிறது. ஆனால் தட்டின் மேல் தாத்தா பெயர் அச்சாகி வந்தால்தான் வாயைத் திறப்பேன்.

உன்னை இன்னும் முழுதாக நம்பாத
பாட்டி