மூட்டம் போட்ட ராகி

நேற்று முதியோர் எழுத்து வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, யாரோ சருகு கொளுத்திய புகை உள்ளே வந்தது. மார்கழிப் பனியில் அது மெல்லத்தான் கலைந்தது. பக்கத்தில் இருந்த உன் மனைவி சிரித்தாள்.

"எங்க வூட்டுக்காரரு வாசனைங்ண்ணா. ராகி பூத்துட்டா விடியறதுக்குள்ள போயி, குளிரு அண்டாம வரப்பு சுத்தியும் புகை மூட்டம் போட்டுட்டு வருவாரு. பெத்த புள்ளைக்குக்கூட அப்படிப் போத்தி வுட்டதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேட்டேன், "ஆராய்ச்சிக்கு வந்தாங்களே, அந்த வருசமுமா?"

"அந்த வருசம் ஒரு நாளும் வுடல."

இப்போது பஸ் பலகையை நானே படித்து இண்டூர் போய்வருகிறேன். அந்தச் சந்தோஷத்தில், முதல் கடிதம் உனக்குத்தான் என்று வைத்திருந்தேன். அது இப்படி ஆகுமென்று நினைக்கவில்லை.

அந்த வருடம் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வந்த பெண் நம் இருவரிடமும் சொன்னாள்: "பூக்கற நேரத்துல குளிரு பட்டா மகரந்தம் கெட்டுடுதுங்க, மணி பிடிக்காது. சில செடிக்கு மட்டும் தாங்கற குணம் மரபணுவுலயே இருக்கு. அதக் கண்டுபிடிச்சுக் கலப்பு பண்ணினா மத்த ரகத்துக்கும் வரும். அதனால பயிரச் சும்மா வுடுங்க, குளிரு படட்டும்." நீதான் முதலில் தலையாட்டினாய்.

அறுவடையில் என் கதிர் பாதிதான் மணி பிடித்திருந்தது. உன்னுடையது கனத்துத் தொங்கியது. அவள் உன் கதிரை எடுத்துப் போனாள். நீ என் தோளில் கை போட்டாய். "உன் விதைக்கு வயசாயிடுச்சுப்பா. என்னுதப் போடு."

போட்டேன். அப்பா காலத்து விதையை ஒரு பிடி மிச்சமில்லாமல் அரைத்துக் களி தின்றோம்.

அடுத்த மார்கழியில் என் வயல் முழுக்க மணியில்லாத பொக்கு. பண்ணையிலும் உன் ராகியின் வாரிசுகள் தாங்கவில்லை என்று அந்தப் பெண் வந்து சொன்னாள். அதற்குள் நீ போய்விட்டாய். "செத்தவன் விதையக் குறை சொல்லாதம்மா, மண்ணு சரியில்ல" என்று அவளிடம் சண்டை போட்டேன். வெறும் குளிரில் நின்று பாதியாவது மணி பிடித்தது என் ராகிதான். அதைத் தின்றுவிட்டு உனக்காகப் பேசியிருக்கிறேன்.

"ஏண்ணா, கண்ணுல புகையா?" என்றாள் நேற்று வகுப்பில் உன் மனைவி. ஆமாம் என்றேன்.

இந்த வருடமும் என் வயலில் உன் ராகிதான் பூத்து நிற்கிறது. மூட்டம் போடமாட்டேன். குளிருக்கு நிற்கிற கதிர் ஒன்றிரண்டு இருந்தாலும் அதிலிருந்து விதை எடுப்பேன். அந்தப் பையின்மேல் என் பெயரை என் கையால் எழுதுவேன். உன் பெயரையும் எழுதத் தெரியும். எழுதமாட்டேன்.