நத்தைக்கு முடைந்த கூடை

ஜூன் 4

அன்புள்ள லேப் அம்மாவுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், கடிதம் எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன். இதிலும் கத்தத்தான் போகிறேன்.

நீ குளத்தில் பொறுக்கிவந்து, கூடத்துக் கண்ணாடித் தொட்டியில் விட்டுப்போன பன்னிரண்டு நத்தைகளும் சௌக்கியம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. நேற்று ஒன்று தொட்டியை விட்டு வெளியேறி என் பல் துலக்கும் பிரஷ்ஷில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. சே! கண்ணாடி முழுக்கச் சளி சளியாக முட்டை வேறு. கடைக்கு வந்தும் குமட்டல் நிற்கவில்லை. பக்கத்துக் கடை வெல்டர் கேட்கிறான், "என்னண்ணே, மசக்கையா?" என்று.

ஆறு மாத லேப் வேலைக்கு வெளியூர் போனாய், சரி. மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிற புருஷன் தலையில் இந்தச் சனியன்களைக் கட்டிவிட்டுப் போக வேண்டுமா?

இப்படிக்கு,
உன் காயில்காரன்

ஜூன் 11

அன்புள்ள காயில்காரருக்கு,

பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். தொட்டிக்கு மூடி போடுங்கள்.

ஏன் விட்டுப்போனேன் என்றா கேட்கிறீர்கள்? இவற்றைப் பிடித்துவந்த அன்று, ஈரக் கையோடு உங்கள் தோளைத் தொட்டேன். "ச்சீ, தொடாதே!" என்று தட்டிவிட்டுச் சட்டையைக் கழற்றி வாளியில் போட்டீர்கள். நாள் முழுக்கச் சாக்கடைத் தண்ணீரைச் சோதிக்கிறவள் நான். குளித்துவிட்டு வந்தாலும் கட்டிலில் தள்ளித்தான் படுக்கிறீர்கள். எட்டு வருஷமாக.

நத்தைகள் உயிரோடு இருந்தால் நான் திரும்பி வருகிறேன். அவற்றைச் சகிக்க முடிகிறவரோடுதான் என்னால் இருக்க முடியும். இல்லையென்றால் வேண்டாம். வேகவைத்த கீரை போடுங்கள். வாரம் ஒரு தடவை பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
லேப் அம்மா

ஜூலை 20

அன்புள்ளவளே,

தண்ணீர் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரம் குழாயை உறிஞ்சியபோது ஒரு வாய் உள்ளே போய்விட்டது. அதில் ஏதோ நெளிந்தது. சத்தியமாக நெளிந்தது! மூன்று நாள் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். குட்டிகளையும் சேர்த்தால் நாற்பதைத் தாண்டும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. கீரை மேலே மிதந்துவிடுகிறது. பொடிசுகளுக்கு எட்டவில்லை, பார்க்கப் பாவமாக இருந்தது. கடையில் மிஞ்சிய செம்புக் கம்பியில் சின்னதாக ஒரு கூடை முடைந்தேன். கம்பி மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். அது இதுகளுக்கு ஆகாதே என்று இரண்டு மணி நேரம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டேன். கீரையை உள்ளே வைத்து முக்கினால் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. எல்லாம் வந்து மொய்த்தன. வழவழவென்று ஒன்றன்மேல் ஒன்று. குமட்டியது. ஆனாலும் எழுந்துபோக மனசு வரவில்லை.

இப்படிக்கு,
மாறிக்கொண்டிருக்கும் காயில்காரன்

ஜூலை 29

அன்புள்ளவளுக்கு,

எல்லாம் போய்விட்டன. நாலே நாளில்.

நாற்றம் மாடிப்படி வரைக்கும். கையாலேயே அள்ளினேன். ஓட்டுக்குள்ளிருந்து கூழாக விரலிடுக்கில் வழிந்தது. இரண்டு தடவை ஓடிப்போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து மறுபடியும் அள்ளினேன்.

அதே குளத்தில் வேறு பன்னிரண்டு பிடித்து விட்டால் உனக்குத் தெரியவா போகிறது என்று தோன்றியது. முழங்கால் சேற்றில் இறங்கிப் பிடிக்கவும் பிடித்தேன். அப்புறம் அங்கேயே விட்டுவிட்டேன். பொய் சொல்லி உன்னை வரவழைப்பது இந்த நாற்றத்தைவிடக் கேவலம்.

எதனால் செத்தன என்று தெரியவில்லை. நான் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. நம்பு.

காயில்காரன்

ஆகஸ்ட் 5

அன்புள்ளவருக்கு,

சோதனைக்குத் தண்ணீர் சாம்பிள் எடுக்கப் பத்து நாள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நேற்றுதான் வந்தேன். உங்கள் இரண்டு கடிதமும் மேஜையில் ஒன்றாகக் கிடந்தன. முதலாவது நேரத்தில் கிடைத்திருந்தால் ஓடிவந்து தடுத்திருப்பேன். அந்தக் கூடையின் செம்பு, நத்தைக்கு விஷம். துளி கரைந்தாலே போதும். வார்னிஷைத் தேய்க்காமல் விட்டிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும்.

கொல்ல நினைக்கிறவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தேய்க்க மாட்டார். எனக்குத் தெரியாதா? லேபில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன்.

அருவருப்பு உங்கள்மேல் இல்லை, என்மேல்தான். குளத்தில் தம்பாட்டுக்குக் கிடந்தவற்றைப் பிடித்துவந்து, கட்டின புருஷனுக்குப் பரீட்சை வைத்தேன். நீங்கள் தோற்பீர்கள் என்று முடிவு செய்துவிட்டுத்தான் வைத்தேன். தூ, என்ன மனுஷி நான்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். நீங்கள் வீட்டில் இருந்து கதவைத் திறக்க வேண்டும். என் வீட்டுச் சாவியை, இனி தேவைப்படாது என்று, புறப்பட்ட அன்றைக்கே உங்கள் சட்டை அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு வந்தேன். நீங்கள் இன்னும் பார்க்கவில்லை போலிருக்கிறது.

உங்கள்
லேப் அம்மா