இடம் மாறிய எழுத்து

நவம்பர் 3, 2019, ஞாயிறு

லபீப் தேவாலயத்துக்குப் போகும் நாள். எங்கள் பழங்காசுக் கடைக்கு விடுமுறை. துணி துவைத்துக் காயப்போட்டேன். மழை வந்து மறுபடி துவைத்தது. இடுப்பு விட்டுப்போகிறது.

நவம்பர் 4, திங்கள்

கடை திறக்கும் முன்பே வாசலில் ஓர் அம்மாள். மகனுக்குக் கல்யாணமாம். கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த காசில் தலை இரட்டையாகத் தெரிந்தது. நாணயச்சாலையில் பிழையாக அடிபட்ட காசானால் நல்ல விலை போகும். இது யாரோ சுத்தியலால் தட்டிய வேலை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் லென்ஸை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பதுபோல் இருந்தேன். உடனே சொன்னால் அவமதித்ததுபோல் ஆகும்.

"இல்லைம்மா" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? உள்ள ஆம்பளை யாராவது இருந்தா கூப்பிடு."

லபீப் எட்டிப் பார்த்தார். "இந்தக் கடையில முடிவு சொல்றது இவங்கதாம்மா. நான் டீ வாங்கிட்டு வர்றவன்."

கடையே அவருடையது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. காசை மறுபடி முடிந்துகொண்டு போனாள். அத்தாரின் தெருவில் என்னைத் திட்டாமல் நடந்துபோகிறவர்கள் குறைவு. உலோகவியல் படித்தேன். பலருடைய ஆசையில் 'இல்லை' என்று எழுதுவது வேலையாக வாய்த்தது.

நவம்பர் 6, புதன்

என் வீட்டுக்காரர் ஷுக்ரி இன்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்து, உள்ளங்கையில் ஒரு காசை வைத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு கால் பவுண்டு. அவருடைய அக்கா இஹ்ஸானின் பேரன் பிறந்த ஏழாம் நாள் விழாவில், வந்தவர்களுக்குக் கொடுத்த இனிப்புப் பொட்டலத்தில் இருந்ததாம்.

ஒரு பக்கம் சரியாக இருக்கிறது. மறுபக்கம் அதே முகம், ஆனால் குழிந்து, திரும்பி. வலமிருந்து ஓடவேண்டிய எழுத்து இடமிருந்து ஓடுகிறது. அச்சில் முந்தைய காசு ஒட்டிக்கொண்டால், அடுத்து வருகிற காசின்மேல் அச்சுக்குப் பதில் அந்தக் காசே பதியும். அப்படி வெளியே தப்பி வருவது அபூர்வம். இரண்டு காசை முகத்தோடு முகம் வைத்து பட்டறை இரும்புப் பிடியான வைஸில் இறுக்கினாலும் இதே மாதிரி வரும். அது அபூர்வமில்லை.

"அசல்னு ஒரு கையெழுத்துப் போடு நக்லா. கெய்ரோ ஏலத்துக்கு அனுப்பிடலாம்" என்றார். கண் மினுங்கியது. கிளி வளர்த்தபோதும் அத்தர் விற்றபோதும் இப்படித்தான் மினுங்கியது.

சாயங்காலமெல்லாம் இவர் உட்கார்ந்திருப்பது சிநேகிதன் அப்துவின் கடைசல் பட்டறையில். அங்கே வைஸ் இருக்கிறது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதைத்தான் நினைக்கிறேன்.

நவம்பர் 7, வியாழன்

நுண்ணோக்கியில் வைத்தேன். சரியாக இருக்கிற பக்கத்தில் மேடுகள் நசுங்கியிருக்கின்றன. அவற்றின்மேல் மஞ்சள் தீற்றல். பித்தளை. வைஸின் பல் காசில் பதியாமலிருக்க, கள்ளவேலைக்காரர்கள் பித்தளைத் தகடு வைத்து இறுக்குவார்கள். போதும். நுண்ணோக்கியை அணைத்தேன்.

ஷுக்ரி மத்தியானம் அவராகவே கடைக்கு வந்தார். கழுத்தில் டை. அந்த டைதான் தாங்கவில்லை.

"என்ன சொல்றாங்க நீதிபதியம்மா?" என்று லபீப்பிடம் கேட்டார்.

"எனக்கெப்படித் தெரியும்? நிலாவைக் கொண்டாந்து கொடுத்தாலும் எடை போட்டுத்தான் பாப்பாங்க உன் வீட்டம்மா."

நான் சிரித்திருக்கலாம். வீட்டில் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். "அப்து பட்டறையில பித்தளைத் தகடு இருக்கா?" என்று கேட்டேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததை நான் பார்த்தேன்.

"நான் பண்ணேன்னு சொல்றியா?"

"காசு சொல்லுது."

லபீப் டீ வாங்கப் போய்விட்டார், கையில் டீ இருக்கும்போதே. ஷுக்ரி காசை எடுக்கவில்லை. மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

நவம்பர் 8, வெள்ளி

தொழுகைக்குப் போனவர் திரும்பவில்லை. இஹ்ஸான் அக்கா போன் செய்தாள். "இங்கதான் இருக்கான். என்னன்னு கேட்டா வாயத் திறக்கல. நீயாவது சொல்லேன்."

அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒருத்திக்கு மட்டும் முலூகியாக் கீரைக் குழம்பு சமைக்கத் தெரியவில்லை எனக்கு. பானை நிறைய இருக்கிறது.

நவம்பர் 16, சனி

வருஷாவருஷம் தெருவைப் பெருக்கிப் போகும் துடைப்பப் புயல் தேதி தவறாமல் வந்துவிட்டது. கடற்கரைச் சாலையில் அலை ஏறி அடிக்கிறது. கடைக்கு ஒருவரும் வரவில்லை.

"நீ சொன்னது சரியாவே இருக்கட்டும். என் முன்னாடி ஏன் சொன்ன?" என்றார் லபீப். அவர் குரலைக் கிண்டல் இல்லாமல் கேட்பது அபூர்வம்.

சரியாக இருந்தால் எங்கே சொன்னால் என்ன? — அப்படித்தானே இத்தனை நாள் இருந்திருக்கிறேன். முன்பு இரண்டு தடவை ஷுக்ரி, யாரோ ஏமாற்றி விற்ற காசை வாங்கி வந்தார். ஏமாறுகிறவர் அவர். ஏமாற்றுகிறவராக எப்போது ஆனார்? அதை யோசிக்கவேயில்லை நான். களைப்பாக இருக்கிறது. களைத்தவள் பழைய முடிவையே எடுத்துப் போட்டுக்கொள்கிறாள்.

நவம்பர் 19, செவ்வாய்

ஷுக்ரியின் ரத்த அழுத்த மாத்திரை இங்கேயே கிடந்தது. எடுத்துக்கொண்டு இஹ்ஸான் அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. அதுவும் நல்லது என்று நினைத்தேன்.

ஏழாம் நாள் விழாக்களுக்கு நான் போவதில்லை. தலைவலி என்று சொல்லிவிடுவேன். பிள்ளை இல்லாதவளை யாரும் வற்புறுத்துவதில்லை. இந்த விழாவுக்கும் தலைவலிதான்.

அக்கா குழந்தையை மடியில் தூக்கிப் போட்டாள். கனமாக இருந்தான். என் சட்டை நுனியைச் சப்பினான்.

"உன் பங்கு அப்படியே வெச்சிருக்கேன், எடுத்துட்டுப் போ" என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். சர்க்கரை பூசிய கடலை, ஒரு கால் பவுண்டு. சாதாரணக் காசுதான். பழக்கத்தில் வெளிச்சத்தில் திருப்பினேன். மேடுகளில் மஞ்சள் தீற்றல்.

"அக்கா, இதென்ன மஞ்சள்?"

"அதுவா? உரல்ல போட்டு இடிச்சேன்ல!"

"காசையா?"

"பின்ன? குழந்தை காதுகிட்ட பித்தளை உரலை இடிப்பாங்க, தெரியும்ல? 'அம்மா பேச்சைக் கேளு, அப்பா பேச்சைக் கேக்காத'ன்னு. வெறும் உரல் என்னத்த சத்தம் போடும்? பேங்குல வாங்கின புதுக் காசு மொத்தத்தையும் கொட்டி இடிச்சேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சாம்! அப்புறம்தான் பொட்டலம் கட்டினோம். ஏன், செல்லாதுன்னுட்டாங்களா?"

"செல்லும் அக்கா."

மிச்சமிருந்த பொட்டலங்களையும் பிரித்துப் பார்க்கக் கேட்டேன். பைத்தியமா என்பதுபோல் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். எல்லாவற்றிலும் மஞ்சள், எல்லாவற்றிலும் நசுங்கல். எதை வைத்து அவரைப் பொய்யர் என்றேனோ, அதுவே அந்தக் காசு இந்த வீட்டிலிருந்து வந்தது என்கிறது.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

நவம்பர் 20, புதன்

இன்னும் முடியவில்லை. காசு பொட்டலத்தில் இருந்தது என்பது மெய்யாகவே இருக்கட்டும். யாரோ செய்த கள்ளக்காசு பேங்க் வழியாக வந்திருக்கலாமே? லபீப் காசை இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார். ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார்.

அளந்தேன். குழிந்த பக்கத்து எழுத்துகள் அகன்றிருக்கின்றன. விளிம்பை நோக்கிப் போகப்போக இன்னும் அகலம். அச்சில் ஒட்டிய காசு அடிமேல் அடி வாங்கித் தட்டையாகிப் பரவும். அதன் எழுத்தும் பரவும். பரவிய எழுத்துதான் பின்னால் வருகிற காசில் இறங்கும். வைஸ் நசுக்கும், எழுத்தை இப்படி அகட்டாது.

அசல்.

அன்றைக்கு அளக்கவேயில்லை நான். யாரோ ஒருவரின் காசாக இருந்தால் அளந்திருப்பேன். அந்தக் கைக்குட்டை அம்மாளுக்குக் கொடுத்த நேரத்தைக்கூட அவருக்குக் கொடுக்கவில்லை.

லபீப்பிடம் சொன்னேன். "நல்லது. இதையும் என் முன்னாடியே சொல்லிட்ட. இப்ப போய் அவன் முன்னாடி சொல்லு" என்றார்.

நவம்பர் 21, வியாழன்

அப்துவின் பட்டறைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அப்து வைஸை ஒரு துணியால் மூடினான். வேண்டுமென்றே. "வாங்க அண்ணி, சோதனை போடணும்னா போடுங்க" என்றான். எனக்கு அது வேண்டியதுதான்.

ஷுக்ரி ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவில்லை. உரல், மஞ்சள், அகன்ற எழுத்து எல்லாம் சொன்னேன். வாடிக்கையாளருக்கு விளக்குவதுபோல் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று பாதியில் எனக்கே கேட்டது. நிறுத்தினேன். "தப்பு என்னோடது. அன்னிக்கே அளந்திருக்கணும்" என்றேன்.

"அளந்து அசல்னு தெரிஞ்சுதா?"

"ஆமா."

"அப்ப நக்லா, இந்தக் காசு கள்ளக்காசாவே இருந்திருந்தா? அக்கா வீட்டுப் பொட்டலத்துல கள்ளக்காசு ஒண்ணு வந்து, அதை நான் எடுத்துட்டு வந்திருந்தா — அப்பவும் நான் சொன்னது பொய் இல்லையே. அப்பவும் இங்க வந்திருப்பியா?"

 அப்து ஏதோ இரும்பை ராவ ஆரம்பித்தான். அந்தச் சத்தத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

நவம்பர் 27, புதன்

கெய்ரோவிலிருந்து ஏலக்காரர் வந்து எடுத்துக்கொண்டார். சான்றுத்தாளில் என் கையெழுத்து. பக்கத்தில் ஷுக்ரியின் கையெழுத்து. பேனாவை என்னிடமிருந்து வாங்கும்போது ஷுக்ரி "தாங்க்ஸ் மேடம்" என்றார். லபீப் குனிந்து எதையோ தேடினார்.

டிசம்பர் 1, ஞாயிறு

ஷுக்ரி பையோடு வாசலில் வந்து நின்றார்.

"அங்க தூங்க முடியல. குழந்தை ஒரே அழுகை."

"சாப்பிட்டீங்களா?"

"ம்."

அவ்வளவுதான். பொய்தான். சாப்பிட்டிருக்கவில்லை. ரொட்டியை எடுத்து வைத்தேன். சாப்பிட்டார்.

டிசம்பர் 4, புதன்

அவர் கேட்டதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். போயிருப்பேனா? பாதி நாள் ஆம் என்று படுகிறது.

டிசம்பர் 6, வெள்ளி

அன்ஃபூஷி மீன் சந்தைக்கு இரண்டு பேரும் போனோம். மடவை கேட்டோம். "நீ பாத்து எடு" என்று நகர்ந்து நின்றார்.

"நீங்க எடுங்க" என்றேன்.

நம்பாமல் பார்த்தார். பிறகு குனிந்து, ஒவ்வொன்றாகத் தொட்டு, வெகுநேரம் யோசித்து நாலு எடுத்தார். ஒன்றின் கண் கலங்கியிருந்தது. செவுளைத் தூக்கிப் பார்க்க என் விரல் தானாகப் போனது. மடக்கிக்கொண்டேன்.

வீட்டில் தவிடு தடவிச் சுட்டேன். அந்த ஒன்று கொஞ்சம் பழசுதான். அதை என் தட்டில் போட்டுக்கொண்டேன்.

"மீன் எப்படி?" என்று கேட்டார்.

"உப்பு கம்மி" என்றேன். உப்புப் போட்டது நான்.