நீ எழுதாமல் விட்ட பெயர்

மொரப்பூர்,
14-3-1941

என் அன்பு ராஜாமணிக்கு,

இங்கே அம்மா சௌக்கியம், மாடுகள் சௌக்கியம். என்னைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். எம்.எஸ்ஸி. ஆராய்ச்சிப் படிப்புக்கு நீ போடும் விண்ணப்பம் நேற்றுத் தபாலில் வந்தது. பிழை பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறாய். இன்டர்மீடியட்டோடு நின்ற என்னை வாத்தியாராக்கிவிட்டாயே.

உன் பேராசிரியை கொடுத்த நற்சாட்சி பிரமாதம். நீ உன்னைப் பற்றி எழுதியதுதான் சரியில்லை. சாமைக் கதிரைக் கரியாக்கும் கரிப்பூட்டை நோயைச் சிறிது கவனித்திருப்பதாக ஒரே ஒரு வரி. மாமியார் வீட்டில் காட்டுகிற அடக்கமெல்லாம் இங்கே எதற்கு? இரண்டு தசரா விடுமுறையிலும் சித்தேரி மலையேறி, அங்கே சாமை போடும் செல்லனின் காட்டில் கதிர் கதிராகப் பார்த்தவள் நீ. நோய் தாக்காமலிருக்க மயில்துத்தத் தண்ணீரில் நனைத்த விதையைத் தனியாக விதைக்கச் சொன்னதும் நீ. போன வாரம் செல்லனைச் சந்தையில் பார்த்தேன். நனைத்து விதைத்த பக்கத்தில் கருங்கதிர் அபூர்வம் என்றும், அக்கம்பக்கத்தார் இப்போது வந்து முறை கேட்கிறார்கள் என்றும் சொன்னார். அதை முதலில் எழுது. அந்தப் படிப்புக்கு இருப்பது ஒரே இடம், கேட்பவர்கள் பலர்.

அடுத்தது, கணவர் பெயர் என்று கேட்டிருக்கும் இடம். காலியாக விட்டிருக்கிறாய். மறதியென்று நினைத்தேன். உனக்கு மறதி ஏது? புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது இங்கிலீஷ் எழுத்துக்கும் சேர்த்துத்தான் போலிருக்கிறது. சிரித்துவிட்டேன். ஐப்பசியில் மலைக்காய்ச்சலில் நான் கிடந்தபோது நீ சாப்பிடாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது நினைவுக்கு வந்தது. அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

நானே நிரப்பியிருப்பேன். விண்ணப்பதாரர் கையெழுத்தில்தான் இருக்க வேண்டுமென்று அடியில் அச்சிட்டிருக்கிறது. காலியாகப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இருபத்தைந்தாம் தேதி கடைசி நாள்.

காய்ச்சல் இன்னும் முழுதாக விடவில்லை. உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. கொய்னா மாத்திரை சாப்பிடுகிறேன். அதற்காகப் படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வராதே. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டு நீ வந்து உட்கார்ந்திருந்தால் அதைவிடப் பிடிக்காது.

அம்மாவிடமும் சொன்னேன். பேர் சொல்லக்கூடாதென்று உனக்குச் சொல்லிக்கொடுத்ததே அம்மாதானே. விளக்கு மாடத்தைத் துடைத்தாள். பிறகு, "எழுதச் சொல்லுடா. வூட்டுல வெளக்கேத்தி நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஆகையால் எழுது, ராஜாமணி. நீ பட்டம் வாங்கி வருகிற அன்று ஸ்டேஷனில் நான் நின்றிருப்பேன்.

நீ பார்த்து எழுத வசதியாக, ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக,

உன்
மா. நஞ்சப்பன்