தாய்மாமன் வண்டி

12-9-1978
இன்று மில்லுக்கு மாவு அரைக்க வந்தவர்கள் எல்லாரும் பேயாண்டியின் இம்பாலா காரைப் பற்றியே பேசினார்கள். அக்காவின் கொழுந்தனார் என்பதால் நானும் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டியிருந்தது. சமயநல்லூர் ரோட்டில் வண்டியை நிறுத்தி டீ குடித்தாராம். டீ குடிப்பதெல்லாம் ஒரு செய்தியா?

15-9-1978
ஜெயக்கொடி அக்கா வந்திருந்தாள். அவள் மகன் காளைக்குத் தையில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு பேயாண்டியின் காரில்தான் என்று பேசி முடித்துவிட்டார்களாம்.

"உன் வண்டியிலதான் கோழி அடையுதேடா" என்றாள்.

உண்மைதான். ஒரு டாக்டரிடம் வாங்கிய பிளைமவுத் கார் நான்கு வருடமாக மில் ஷெட்டில் கிடக்கிறது. இன்று காலைகூடப் பின் சீட்டில் இரண்டு முட்டை. ஆனால் தாய்மாமன் நான் இருக்கும்போது, காளை சித்தப்பன் வண்டியில் ஏறி வருவதா? நான் சீர்த்தட்டோடு பின்னால் நடப்பதா? வயிறு எரிகிறது. தைக்குள் ஓட்டிக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

"ஓடுச்சுன்னா உன் வண்டிதான்" என்றாள் அக்கா.

21-10-1978
ஆரப்பாளையம் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டது. முதலில் ஒரே கரும்புகை, பிறகு சத்தமே இல்லை. அணைந்துவிட்டதோ என்று நினைத்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

24-11-1978
டிங்கர் வேலை முடிந்து பச்சை பெயிண்ட் அடித்தாயிற்று. பேயாண்டி பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்து, "நல்லா வந்துருக்கு மாப்ள" என்றார். ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர் உள்ளே காபி குடிக்கும்போது நான் வெளியே போய் அவர் வண்டி டயரைக் கையால் அளந்தேன். ஏறக்குறைய ஒரு சாண் அகலம். சுற்றிலும் வெள்ளை வட்டம், பால் ஊற்றின மாதிரி. என் வண்டியில் இருப்பது வழுக்கையாய்ப் போன கறுப்பு டயர். பேயாண்டியின் பின் சக்கரத்தில் எங்கள் தெரு நாய் காலைத் தூக்கியது. நான் விரட்டவில்லை.

3-12-1978
சிம்மக்கல்லில் ஜலாலின் டயர் கடைக்குப் போனேன். பழைய டயரில் இருந்த நம்பரைப் பார்த்து அளவு சொன்னார். அகலமாக வேண்டும் என்றேன்.

"வேணாம்ணே. கம்பெனிக்காரன் போட்ட அளவையே போடுங்க. அகலமா போட்டா ஆளு ஏறுனதும் மட்கார்டுல உரசும். வெள்ளைதான் வேணும்னா நானே பெயிண்ட் அடிச்சுத் தாரேன்."

பெயிண்டாம். பேயாண்டியின் லாரிகளுக்கும் இவர்தான் டயர் போடுகிறார். அவர்தான் சொல்லிக் கொடுத்திருப்பார், என் வண்டி சோப்ளாங்கியாக நிற்கட்டும் என்று. எனக்குத் தெரியாதா?

19-12-1978
மெட்ராஸ் போய், பழைய வெளிநாட்டுக் கார் சாமான் விற்பவரிடம் வாங்கி வந்துவிட்டேன். நான்கும் வெள்ளை வட்டம் போட்டவை. பேயாண்டியுடையதைவிட ஒரு விரற்கடை அகலம். ரயிலில் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

14-1-1979
பொங்கல். இன்றைக்கும் டயரைத் துடைத்தேன்.

என் மனைவி அன்னக்கொடி கேட்டாள்: "எண்ணிப் பாத்தீகளா? பேயாண்டி அண்ணன் வண்டிக்கும் நாலுதான்."

இவளுக்கு எல்லாம் விளையாட்டு. பின் சீட்டுக்குப் புது ரெக்சின் தைத்திருக்கிறது. மாப்பிள்ளை உட்காரும்வரை யாரும் அதில் உட்காரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். மகள் முத்துத்தாய் ஏறப் பார்த்தாள், அவளையும் இறக்கிவிட்டேன். அழுதாள். நான் மட்டும் பரவை வரை ஓட்டிப் பார்த்தேன். எங்கேயும் உரசவில்லை. ஜலாலுக்கு என்ன தெரியும்?

4-2-1979
எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சாயங்காலம் பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். ஸ்டீயரிங்கில் நான். மாப்பிள்ளை கார் என்றால் உறவுக்காரப் பிள்ளைகள் சும்மா விடுமா? முன்னால் நான்கு பேர், பின்னால் காளையோடு ஏழு பேர். தெரு திரும்பும்போதே பின்னால் உரசியது. மேளச் சத்தத்தில் கேட்காததுபோல ஓட்டினேன். ரப்பர் கருகும் வாடை வந்தது. காளை, "மாமா, புகை வருது" என்றான். ஒன்றுமில்லை என்றேன். அடுத்த பள்ளத்தில் வெடித்தது. மட்கார்டு விளிம்பு டயரைக் கிழித்துவிட்டது. மேளம் நின்றது. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்கிறார்கள். அங்கேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

பேயாண்டி இம்பாலாவைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். சரி, முடிந்தது, இனி அவர் ஊர்வலம் என்று நினைத்தேன். இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார்.

"ஏறுங்க மாப்ள. மாப்பிள்ளைய தாய்மாமன்தான் கூட்டிட்டுப் போகணும்."

ஓட்டினேன். அவர் சீர்த்தட்டுக்காரர்களோடு நடந்து வந்தார். அந்த இம்பாலா எவ்வளவு லேசாகத் திரும்புகிறது! அந்த நேரத்திலும் அதைத்தான் கவனித்தேன். என்ன புத்தி இது?

7-2-1979
ஜலால் கடைக்குப் போனேன். பேயாண்டி ஏதாவது சொல்லி வைத்தாரா என்று கேட்டே விட்டேன்.

"அவரு எதுக்குண்ணே சொல்லப் போறாரு? உங்க வண்டிய பத்தி அவரு கேட்டதே இல்ல" என்றார்.

சரியான அளவையே மாட்டச் சொன்னேன். வெள்ளை வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

அங்கிருந்து நன்றி சொல்லப் பேயாண்டி வீட்டுக்குப் போனேன். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார்:

"நாங்க மூணும் ஆம்பளப் பயலுக மாப்ள. கூடப்பெறந்த பொம்பளப் புள்ள இல்ல. எம்புட்டுப் பெரிய வண்டி வாங்குனாலும் தாய்மாமன்னு என்னயக் கூப்பிட ஆள் கெடையாது. உங்களப் பாத்தா எனக்குக் கொஞ்சம் பொறுக்காது. தப்பா நெனைக்காதீக."

என்னைப் பார்த்தா? பக்கெட்டில் இன்னொரு துணி கிடந்தது. எடுத்து அவரோடு சேர்ந்து துடைத்தேன்.

9-2-1979
முத்துத்தாய்க்குப் பேயாண்டியைத் தாய்மாமனாக உட்காரவைக்கலாமா என்று அன்னக்கொடியிடம் கேட்டேன். அவளுக்கும் கூடப்பிறந்த ஆண் இல்லை. முத்துத்தாய்க்கு ஐந்து வயதாகியும் அதனால்தான் காதுகுத்து தள்ளிப்போகிறது.

"இத நான் போன வருசமே சொல்லிருப்பேன். நீங்க தாங்க மாட்டீகன்னுதான் சொல்லல" என்றாள்.

26-2-1979
குலதெய்வம் கோயிலில் காதுகுத்து. பேயாண்டி எங்கள் வண்டியில்தான் வந்தார். மொத்தம் பதினோரு பேர், எங்கேயும் உரசவில்லை. முத்துத்தாயை மடியில் வைத்துக்கொண்டார். ஊசி இறங்கும்போது அவளைவிட அவருக்குத்தான் கண் கலங்கியது.

திரும்பும்போது முத்துத்தாய் என்னிடம் வரவே மாட்டேன் என்றாள். மாமாவின் தோளிலேயே தூங்கிவிட்டாள். ஓட்டிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தேன். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.