ஆறு மாத மாத்திரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அண்ணன் வீட்டாரும் நல்லபடியாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன், தெரிந்துகொண்டே கேட்பது நன்றாக இருக்காது. சாப்பிட்டாயா, தூங்கினாயா, அதை மட்டும் எழுது. அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் ஒப்புக்கொண்டால் கடைக்கு அனுப்புவேன் என்று நொண்டிக்கொண்டே இருக்கிறார். அண்ணன் மகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, அத்தை வருவதற்குள் முளைத்துவிடுமா பாட்டி என்று என்னை அரிக்கிறாள்.

இதைப் போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், பக்கத்தில் மாப்பிள்ளை இருப்பார். முதலில் உனக்கு மட்டும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். இரண்டாவது தடவை உள்ளே வைத்த கருவும் தங்கவில்லை என்று சொன்ன அன்று, டாக்டரம்மா இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும்கிறாங்க, கர்ப்பப்பைக்குள்ள இருந்து துளி சதை எடுத்துப் பார்க்கணுமாம், எடுக்கட்டுமா, விட்டுடட்டுமா அம்மா என்று கேட்டாய். நான் யோசிக்கக்கூட இல்லை. போதும்டி, எத்தனை ஊசிதான் குத்திப்ப, விட்டுத்தள்ளு என்றேன். என் பாசத்தை நினைத்து நீ அழுதாய். அதில் பாசம் பாதிதான், மீதி பயம்.

உனக்கு ஏழு வயதில் கழுத்தில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி வந்தது. ஊசி குத்திப் பார்த்து டி.பி. என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று நீ அலறிக்கொண்டு ஓடி வந்தாய், சத்து மாத்திரை போட்டால் அப்படித்தான் என்றேன். இன்று வரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாய். நான் வெளியே மூச்சு விடாததற்குக் காரணம் உன் பெரியத்தை. எனக்குக் கல்யாணமான மூன்றாம் மாதம், அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு இதே நோய் என்று தெரிந்ததும், இனி அவளை எவன் கட்டுவான் என்று கையில் கரண்டியை வைத்துக்கொண்டு சிரித்தாள். பெரியத்தை போய்ச் சேர்ந்து எட்டு வருஷம் ஆகிறது, நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் வாயில் நீ விழக்கூடாது என்று மறைத்தேன். பிறகு உன் கல்யாணப் பேச்சு வந்தது, அப்புறம் வாயைத் திறக்கவே முடியவில்லை.

போன வருஷம் டாக்டரம்மா கொடுத்த தாளை நிரப்பும்போது, சின்ன வயசுல எனக்குப் பெரிய நோய் ஏதாவது வந்ததா என்று போனில் கேட்டாய். உன் மாமியார் அப்போது அங்கே தங்கியிருந்தார், பின்னால் பாத்திரம் உருட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. அம்மை தவிர ஒன்றும் வரவில்லை என்றேன். நீயும் அப்படியே எழுதினாய்.

போன வாரம் முழங்காலைக் காட்ட அப்பாவைக் கூட்டிப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவிடம், தெரிந்த பெண் ஒருத்திக்கு என்று சொல்லி விசாரித்தேன். அந்த நோய் கர்ப்பப்பையிலும் ஒளிந்திருக்கலாமாம். அவர் என் முகத்தையே பார்த்துவிட்டு, அந்தத் தெரிஞ்ச பொண்ணை டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லச் சொல்லுங்க பாட்டி, எந்த டெஸ்ட் எடுக்கிறதுங்கிறதே மாறும் என்றார். இதுதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஆனால் நீ வயிற்றில் குத்திக்கொண்ட ஒவ்வொரு ஊசியும் இப்போது என்னைக் குத்துகிறது.

அதனால் நான் போதும் என்று சொன்னதைத் தள்ளிவிடு. உடம்பும் மனசும் களைத்துப்போய் நீயாக வேண்டாம் என்றால் சரி. என் பொய்யைக் காப்பாற்ற நீ வேண்டாம் என்று சொல்லாதே. எதை முடிவு செய்தாலும் டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு முடிவு செய். கோபம் வரும், வரட்டும், செத்தவள் மேலேயே கோபம் வைத்திருப்பவள் பெற்ற பெண் நீ. ஆனால் போனை மட்டும் எடு.

மாமியாருக்கும் தெரியணும் என்று நீயும் மாப்பிள்ளையும் நினைத்தால், நீ வாயைத் திறக்காதே. பெண் பார்க்க வந்த அன்று என் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தவர் அவர். நானே கூப்பிட்டு, மறைத்தவள் நான்தான், பெண்ணுக்கே தெரியாது என்று சொல்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இரு. பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் நீ என் பிள்ளை. பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், மறக்காமல் கையிலேயே எடுத்துக்கொண்டு போ.

உன் அம்மா