படகு இருக்கிற வீடு

குருக்கள்மடம்
08.10.2023

அன்புள்ள இவருக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் சுகம், படகும் சுகம். நீங்களும் மகள் றொசானியும் பேரனும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். படகு என்ற சொல்லைக் கண்டதும் கடிதத்தை மடித்து வைக்க வேண்டாம். போனில் அந்தப் பேச்சை எடுத்தால் உடனே மகளிடம் போனைக் கொடுத்துவிடுகிறீர்கள். கடிதத்தை யாரிடம் கொடுப்பீர்கள் என்று பார்க்கிறேன்.

பேரனைப் பார்க்கக் கொழும்புக்குப் போவதாக ஊருக்குச் சொன்னீர்கள். எனக்குச் சொன்னது வேறு. "படகு இருக்கிற வீட்டில நான் இருக்கமாட்டன்" என்றீர்கள். கோபம் இன்னும் ஆறவில்லையா?

எனக்கென்றால் அன்றைக்கு நடந்ததை நினைக்க இன்னும் சிரிப்புத்தான் வருகிறது. நான் ஆசையாக வாங்கிய படகுக்குச் சுவாமியார் தீர்த்தம் தெளித்து முடிக்கவில்லை, அது மெல்ல மெல்லத் தாழத் தொடங்கி, போட்ட மாலையோடு முழங்கால் தண்ணீரில் போய் உட்கார்ந்துவிட்டது. மழைநீர் வடிய அடியில் ஓர் ஓட்டை இருக்கிறது, ஆற்றில் இறக்குமுன் அதைத் தக்கையால் அடைக்க வேண்டும் என்று இயந்திரம் பூட்டிய சாலிஹ் தம்பி சொல்லித்தான் இருந்தார். தக்கை தொலைந்துவிடக் கூடாதே என்று நான் அதைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். கைப்பை என் தோளில் தொங்கியது. சுவாமியாரே சிரித்துவிட்டார். நீங்கள் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனீர்கள். கூட்டத்தில் பாதிப்பேர் உங்களிடம் படித்த பிள்ளைகள் என்பது எனக்கும் தெரியும்.

இந்தக் கிழமையின் புதினத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் கூட்டிச் சொல்லுவார்கள். நேற்று ஆற்றின் நடுவில் நின்று காற்று வாங்கலாம் என்று நங்கூரத்தைத் தூக்கிப் போட்டேன். அழகாகப் போய் விழுந்தது. கயிறும் பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போனது, கடைசி முனைவரை. அந்த முனையைப் படகில் கட்ட வேண்டும் என்று எனக்கு யோசனை வரவில்லை. நான் மிதந்து மிதந்து அம்பிளாந்துறையிலிருந்து சனத்தையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மிதந்து வரும் பாதைக்குக் குறுக்கே போய்விட்டேன். பாதையை ஓட்டுகிற பொடியன் கத்தினான்: "என்ன மிஸ்ஸி, கயித்தையும் சேத்தெல்லோ எறிஞ்சிட்டயள்!" பாதையில் நின்ற சனம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மருந்தை ஒழுங்காகக் குடியுங்கள்.

உங்கள் மேர்சி


வெள்ளவத்தை
16.10.2023

மேர்சிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம்.

நீ சிரிக்கிறாய். நல்லது. நான் அந்த ஊரில் அதிபராக இருந்தவன். நான் வகுப்புக்குள் கால் வைத்தால் சத்தம் தானாக அடங்கும். ஓய்வு பெற்ற பிறகும் சந்தைக்குப் போனால் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் சொல்லுவார்கள். படகு தாழ்ந்த மறுநாள் களுவாஞ்சிக்குடிக் கடையில் ஒருவன் என்னிடம், "சேர், போட் எழும்பிட்டா?" என்று கேட்டான். என்னிடம் கணக்குப் படித்தவன். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். நான் வாங்க வந்த சாமானை வாங்காமலே திரும்பினேன்.

படகை விற்றுவிடு. விற்றுவிட்டேன் என்று ஒரு வரி எழுது, மறுநாளே ரயில் ஏறுகிறேன். இதைவிட எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இங்ஙனம்,
றோய்

பி.கு.: நங்கூரக் கயிற்றின் மறுமுனையைக் கட்டுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை.


குருக்கள்மடம்
29.10.2023

அன்புள்ள இவருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்துவிட்டு இதை எழுதுகிறேன். முதல் நாள் அழுகை வந்தது. இரண்டாம் நாள் கோபம் வந்தது. இப்போது இரண்டும் இல்லை, எழுதலாம்.

நான் படகை விற்கமாட்டேன்.

மருத்துவமாதுவாக வேலை செய்த காலமெல்லாம் நான் அந்தப் பாதையில் ஏறித்தான் ஆற்றுக்கு அப்பால் படுவான்கரைக்குப் போய் வந்தேன். மழையிலும் போனேன், துவக்குச் சத்தத்திலும் போனேன். பாதை வரும்வரை காத்திருந்தேன், அது போகிற பக்கம் போனேன். ஆறு எவ்வளவு பெரிது, அந்தப் பற்றைக் காட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது வழியை விட்டுக் கிறுகிப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன். கையில் மருந்துப் பெட்டியோடு யார் அப்படிப் போவார்? இப்போது அந்தப் பெட்டி இல்லை. பற்றைக்குப் பின்னால் நாரைகள் இருக்கின்றன, வெள்ளை வெள்ளையாக. நீங்கள் பார்க்க வேண்டும்.

எனக்குப் படகும் வேண்டும், நீங்களும் வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் அந்தக் கேள்வியை நீங்கள்தான் திருத்த வேண்டும், சேர்.

உங்கள் மேர்சி


குருக்கள்மடம்
10.12.2023

அன்புள்ள இவருக்கு,

போன கடிதத்துக்கு உங்களிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன். போனில் "சாப்பிட்டாயா" என்று கேட்கிறீர்கள், அதுவே போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இந்த முறை செய்தது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும். மழை விடாமல் பெய்து ஆறு நிரம்பி எங்கள் பின்வளவு வேலிவரை வந்துவிட்டது. வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டை எல்லாம் தண்ணீருக்குள். வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணலை எப்போது வெட்டுவார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. நானும் அதைத்தான் பேசினேன். பேசிப்போட்டு, வெள்ளம் படகை இழுத்துவிடக் கூடாது என்று துறைக் கம்பத்தோடு சேர்த்துக் குட்டையாக, நல்ல இறுக்கமாகக் கட்டினேன். சத்திரசிகிச்சை முடிச்சுப் போட்டேன், அது அவிழாது.

முகத்துவாரத்தை வெட்டினார்கள். தண்ணீர் கடலுக்குப் போனது. தண்ணீர் இறங்கினால் படகும் இறங்க வேண்டும் என்பதை நான் மட்டும் மறந்துபோனேன். மறுநாள் விடிய எழும்பிப் பார்த்தால் படகு மூக்கைக் கம்பத்தில் மாட்டிக்கொண்டு, பின்பக்கம் சேற்றில் குத்தி, அந்தரத்தில் தொங்குகிறது! பாதைக்கு வந்த சனம் முழுக்க எங்கள் வளவுக்குள். "மிஸ்ஸி, போட்டக் காயப் போட்டிருக்கியளா?" என்று பக்கத்து வீட்டுத் தனுஷியாவே கேட்டாள். ஒருவன் போனில் வீடியோ பிடித்தான். கொழும்புக்கும் வந்துவிடும், ஆகையால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

முடிச்சை அறுத்து இறக்கினோம். படகுக்கு ஒன்றும் இல்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றியதில் வீட்டில் சீனி முடிந்துவிட்டது.

நீங்கள் இருந்திருந்தால் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். அந்தச் சுளிப்பைக்கூடத் தேடுகிறேன்.

உங்கள் மேர்சி


வெள்ளவத்தை
27.12.2023

அன்புள்ள மேர்சிக்கு,

பாலன் பிறப்பு வாழ்த்துகள். உன்னைத் தனியே விட்டு முதல் நத்தார். நள்ளிரவுப் பூசையில் என் மனம் பூசையில் இல்லை.

நீ சொன்ன வீடியோ இங்கேயும் வந்தது. என்னிடம் படித்த நிலோஜன் பஸ்ஸில் என்னைக் கண்டு எழுந்து இடம் கொடுத்தான். பிறகு தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். நான் கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். பார்த்தேன்.

படகு தொங்குகிறது. சுற்றி அத்தனை பேர். நடுவில் நீ, சட்டை முழுக்கச் சேறு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு மற்றவர்களைவிட உரத்துச் சிரிக்கிறாய். பிறகு, "மறுகா சிரிக்கலாம், இப்ப ஆளுக்கொரு பக்கம் பிடியுங்கோகா" என்கிறாய். எல்லோரும் பிடிக்கிறார்கள். நிலோஜன் சொன்னான்: "சேர், மிஸ்ஸியப் பாத்து எங்கட அம்மாவும் இப்ப ஸ்கூட்டி பழகுறா." நான் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்துவிட்டேன்.

மேர்சி, என்னைப் பார்த்து ஊரில் யாரும் சிரித்ததில்லை என்று பெருமையாக இருந்தேன். அதற்குக் காரணம் இப்போதுதான் தெரிகிறது. எனக்கு நன்றாகத் தெரிந்ததைத் தவிர நான் ஒன்றையும் செய்து பார்த்ததில்லை. நீயோ அறுபது வயதுக்குப் பிறகு தெரியாத ஒன்றைத் தொட்டு, ஊர் பார்க்கப் பிழைவிட்டு, மறுநாள் திரும்பவும் அதே ஆற்றுக்குப் போகிறாய். எனக்கு அந்தத் துணிவு கிடையாது. உன்னை நினைத்து எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை வாயால் சொல்ல வராது, எழுத வருகிறது.

படகை விற்க வேண்டாம். ஆனால் எந்த முகத்தோடு வந்து அந்தத் துறையில் நிற்பது என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நாள் பொறு.

அன்புடன்,
றோய்


குருக்கள்மடம்
05.01.2024

அன்புள்ள இவருக்கு,

கடிதத்தை வாசித்து முடித்துவிட்டுக் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நல்ல அழுகைதான், பயப்பட வேண்டாம்.

எந்த முகம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிற முகத்தோடு வாருங்கள். நாள் சொல்ல வேண்டாம், திகதி வைத்தால் நீங்கள் அதற்கும் பயப்படுவீர்கள். நான் வெளியே போயிருந்தால் கதவுத் திறப்பு தனுஷியாவிடம் இருக்கும்.

உங்கள் மேர்சி


வீடு, குசினி மேசை
17.01.2024

என் அன்பு மேர்சி,

நீ சந்தைக்குப் போயிருப்பதாகத் தனுஷியா சொன்னாள். நீ இந்த மேசைக்கு வந்து சேருமுன் வழியில் குறைந்தது பத்துப் பேராவது உன்னிடம் சொல்லியிருப்பார்கள். இருந்தாலும் உன்னைப் போல நானும் என்னுடையதை நானே சொல்ல வேண்டும்.

விடிய வந்து இறங்கினேன். பையை வைத்துவிட்டு நேராகத் துறைக்குப் போனேன். படகு அழகாக நின்றது, கயிறும் அளவாக விட்டுக் கட்டியிருந்தாய். ஒருவரும் இல்லை. நீ வருவதற்குள் அதில் ஏறி உட்கார்ந்து உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று எண்ணி ஒரு காலைப் படகில் வைத்தேன். மற்றக் கால் துறையில். படகு நகரத் தொடங்கியது. நான் இரண்டு காலில் எதையும் எடுக்கவில்லை. எதை எடுப்பது என்று யோசித்தேன். அதிபர் அல்லவா, யோசிக்காமல் செய்வேனா? படகு போய்க்கொண்டே இருந்தது, கால்கள் அகன்றுகொண்டே இருந்தன. அந்த நேரம் பார்த்துப் பாதை வந்தது. நிறைய சனம்.

தண்ணீர் இடுப்பளவுதான். ஆனால் தலையும் நனைந்தது. எழும்பி நின்றபோது பாதையில் ஒரு சத்தமும் இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அத்தனை பேரும் மூச்சை அடக்கி நின்றார்கள். எனக்குப் பழக்கமான அமைதி அது, மேர்சி. வகுப்பறை அமைதி. முதல் தடவையாக எனக்கு அது பிடிக்கவில்லை. "என்னடா பாக்கிறயள்? சிரிங்கோவன்டா!" என்றேன். ஆறே அதிர்ந்தது. நானும் சிரித்தேன். வயிறு இன்னும் நோகிறது. நாலைந்து பேர் குதித்து வந்து என்னைக் கரையேற்றினார்கள், ஒருவன் என் செருப்பைத் தேடிக்கொண்டு போனான், இன்னும் வரவில்லை.

குளித்துவிட்டு உள்ளே படுத்திருக்கிறேன். என்னை எழுப்பு. எத்தனை நாள் வேண்டுமானாலும் சிரி.

நாளைக்கு நாரை பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போ. எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும் என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லித் தந்துவிடு.

உன் றோய்